பி.டி. சார் விசிலை முழுங்கிட்டார்

ஜூலை 6, சனி

டாக்டர் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு, என் தொண்டைக்குள் இருப்பதை எனக்கே திரையில் காட்டினார். பிறகு வாயை மூடச் சொன்னார். அந்த நிமிடத்துக்கு மட்டும் என்று நினைத்தேன். ஆகஸ்டு நடுவரைக்குமாம்.

"மம்பட்டி பிடிச்சா கையில காப்புக் காய்க்குதில்லீங்க, அதே மாதிரி உங்க குரல் நாண்ல ரெண்டு பக்கமும் காய்ச்சிருக்குது. பேசாம இருந்தீங்கன்னா கரைஞ்சுரும். கத்துனீங்கன்னா இந்தக் கரகரப்புதான் கடைசி வரைக்கும்."

"குசுகுசுன்னு பேசலாங்களா டாக்டர்?" என்று கேட்டவள் கோகிலா, என் மனைவி. இனி எனக்கும் சேர்த்துப் பேசப் போகிறவள்.

"அது கத்தறத விட மோசம்மா. விசிலும் ஊதக் கூடாது."

நாமக்கல்லில், லாரிப் பட்டறைகளுக்கு நடுவே இருக்கிற ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில் நான் பி.டி. வாத்தியார். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் என் கையில். ஒரு பக்கம் வெல்டிங், இன்னொரு பக்கம் தகரம் தட்டுகிற சத்தம், ரோட்டில் ஏர் ஹாரன். இதையெல்லாம் தாண்டிக் கடைசி வரிசைப் பையன் நிமிர வேண்டுமென்றால் குரல் வேண்டும். எனக்கு இருந்தது. "செங்கோட்டுவேல் சார் அட்டென்ஷன் சொன்னா பட்டறைக்காரனும் சுத்தியலக் கீழ வெச்சுருவான்" என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள். இத்தனை வருஷமாக அந்தக் குரல்தான் எனக்குச் சோறு போடுகிறது.

பேசாமல் இருந்தால் இவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று கோகிலா டாக்டரிடம் சொன்னாள். "எழுதச் சொல்லுங்க" என்றார். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகத் திரையில் காட்டி விளக்கிய மனிதருக்கு ஒரு நன்றி சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். சொல்லத்தான் கூடாதே. வாயால் சொல்ல முடியாத நன்றியை எல்லாம் இதில் எழுதி வைக்க வேண்டியதுதான்.

ஜூலை 8, திங்கள்

சிலேட்டும் பல்பமும் வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளே இப்போது சிலேட்டு கொண்டு வருவதில்லை. கடைக்காரர் தூசு தட்டிக் கொடுத்தார்.

ஹெச்.எம். வசந்தாமணி டீச்சர் டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு என்னைக் கரஸ்பாண்டென்ட் ஐயாவிடம் அழைத்துப் போனார். அவர் சீட்டைப் படிக்கவில்லை. என் தொண்டையைத்தான் பார்த்தார்.

"உங்க குரலக் கேட்டுத்தானுங் சார் அன்னைக்கு வேலை போட்டுக் குடுத்தேன். ஆகஸ்டு பதினஞ்சு மாஸ் டிரில் இருக்குது. லாரி ஓனர் சங்கத் தலைவரச் சீப் கெஸ்ட்டாக் கூப்புட்டிருக்கேன். நீங்க எப்புடி நடத்துவீங்க?"

'நடத்துவேன்' என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். எழுத்து கொஞ்சம் கோணல்.

"அந்த கராத்தே அகாடமித் தம்பி, தினகரு, ரெண்டு வருசமா பி.டி.யத் தன்கிட்ட விடச் சொல்லிக் கேட்டுட்டு இருக்குது. டிரில் சரியா வரலைன்னா அதுக்கே விட்டுருவனுங். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

வெளியே வந்ததும் வசந்தாமணி டீச்சர், "பதினஞ்சு வரைக்கும் நானும் கூட நிக்கிறேன் சார்" என்றார். அவருக்கு நன்றி. முட்டி வலியோடு அவர் நிற்பது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் சொன்னாரே.

ஜூலை 9, செவ்வாய்

குரலில்லாமல் முதல் வகுப்பு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். என் மகள் மிருதுளாவும் இதில்தான் படிக்கிறாள்.

மைதானத்தில் போய்ச் சும்மா நின்றேன். அவ்வளவுதான், எல்லோரும் விறைத்துப் போனார்கள். நான் கோபத்தின் உச்சியில் இருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். வாயைத் திறக்காமலே ஒரு வகுப்பை அடக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அப்புறம் சர்வின் என்கிற பையன் தும்மினான். எப்போதும் போல நான் கத்தவில்லையே என்று பார்த்தான். பக்கத்துப் பையனைக் கிள்ளினான். அதற்கும் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் மைதானம் சந்தைப்பேட்டை ஆகிவிட்டது. இரண்டு பேர் தண்ணீர்க் குழாயில், ஒருவன் வேப்பமரத்தில், நாலு பிள்ளைகள் தாங்களாகவே ஏதோ விளையாட்டு. ஒவ்வொருவராகப் பிடித்து வந்து நிறுத்துவதற்குள் முன்னால் நிறுத்தினவன் ஓடிவிட்டான்.

மிருதுளா மட்டும் பெல் அடிக்கிற வரைக்கும் அட்டென்ஷனில் நின்றாள். கையைக்கூட அசைக்கவில்லை. என் மகள் என்பதால் சொல்லவில்லை, ஒழுக்கமான பிள்ளை.

ஜூலை 10, புதன்

குரல் இல்லாதவன் ஓட வேண்டும். தொடை இரண்டும் கழன்றுவிட்டது.

ஜூலை 12, வெள்ளி

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஐந்தாம் வகுப்புக்கு பி.டி. என்று டைம்டேபிளில்தான் இருக்கிறது. வாராவாரம் அம்சவேணி டீச்சர் வந்து, "சார், மேத்ஸ் போர்ஷன் முடியல, எடுத்துக்கட்டுங்களா?" என்பார். நானும் எடுத்துக்கங்க என்பேன். நம் பீரியடை யாரும் கடன் வாங்கலாம், திருப்பித் தர வேண்டியதில்லை.

இன்றைக்கும் வந்து கேட்டார். சரி என்று சொல்வதற்கும் குரல் வேண்டுமே. சிலேட்டைத் தேடினேன், பல்பத்தைக் காணோம். கையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அவர் அதை என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, "சரிங் சார், கோவிச்சுக்காதீங்க" என்று போய்விட்டார்.

ஐந்தாம் வகுப்பு இந்த வருஷத்தில் முதல் வெள்ளிக்கிழமையாக விளையாடியது. பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ அவர்களுக்காக நான் சண்டை போட்டு ஜெயித்தது மாதிரி. இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் மோட்டார் போட்டேன், தண்ணீர்த் தொட்டி கழுவினேன், ரேஷனுக்குப் போனேன். கீழ் வீட்டுக்காரர், "என்னங் சார், ஊருக்குப் போயிருந்தீங்களா? ஒரு வாரமா வீட்ல ஆளே இல்லாத மாதிரி இருந்துச்சு" என்றார். தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

கோகிலா சமைக்கும்போது ஏதோ பாட்டு முனகுகிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. எப்போது பழகினாள் என்று தெரியவில்லை. சிலேட்டில் எழுதிக் கேட்டேன். "நான் எப்பவும் பாடறதுதானுங்க" என்றாள்.

மிருதுளா எப்போதும் மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். இந்த வாரம் ஹாலில், என் நாற்காலிக்குப் பக்கத்தில் எழுதுகிறாள். படியில் கொசு அதிகமாகிவிட்டது போல.

ஜூலை 16, செவ்வாய்

ஒரு வழி கண்டுபிடித்தேன். சிவப்புக் கைக்குட்டை. தூக்கினால் எல்லோரும் சிலை. இறக்கினால் ஓடலாம். யார் கடைசியாகச் சிலை ஆகிறார்களோ அவர்கள் என் பக்கத்தில் வந்து நின்று அடுத்த தடவை கைக்குட்டையைத் தூக்க வேண்டும். தண்டனையாகத்தான் வைத்தேன். இப்போது அதற்குத்தான் போட்டி. வேண்டுமென்றே தாமதமாகச் சிலை ஆகிறார்கள், திருட்டுப் பயல்கள்.

கூப்பிட முடியாததால் ஒவ்வொரு பிள்ளையிடமும் நானே போக வேண்டியிருக்கிறது. போய்க் குனிந்தால்தான் முகம் தெரிகிறது. இரண்டாம் வகுப்பு நிதர்சனா ஓடவே மாட்டாள். சோம்பேறிக் கழுதை என்று பெயர் வைத்திருந்தேன். இன்று பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தால், அக்காவின் பழைய ஷூவைப் போட்டு வந்திருக்கிறாள். குதிகால் வெளியே வருகிறது, தோல் உரிந்திருக்கிறது. செய்தித்தாளைக் கசக்கி ஷூவின் முன்பக்கம் அடைத்துக் கொடுத்தேன். ஓடினாள். நன்றாகவே ஓடுகிறாள்.

ஜூலை 19, வெள்ளி

விளையாட்டுச் சாமான் அறையில் என் மேசை மேல் ஒரு வாழைப்பழம். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கேட்டு யாரும் வரவில்லை, சாப்பிட்டேன்.

ஜூலை 22, திங்கள்

இன்று ஐந்தாறு பழங்கள். பூவன், ரஸ்தாளி, ஒரு நசுங்கின மொந்தன்கூட இருந்தது. அது போதாதென்று டிஃபன் பாக்ஸ் மூடியில் உருட்டி வைத்த சோறு. உருண்டை என்றால் எலுமிச்சை அளவுக்கு, அழுத்தி அழுத்தி உருட்டினது.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. குரங்குக்கு வைப்பது மாதிரி எனக்குப் பழம் வைக்கிறார்கள், சோறு வைக்கிறார்கள். குரல் போனவன் என்றால் கேலிப் பொருளா. அம்சவேணி டீச்சர் தூண்டிவிட்டிருப்பார் என்றே முடிவு செய்துவிட்டேன். மூடியோடு தூக்கிக்கொண்டு ஹெச்.எம். அறைக்குப் போனேன். 'இதற்கு ஒரு முடிவு தெரிய வேண்டும்' என்று எழுதினதில் பல்பம் உடைந்தது.

வசந்தாமணி டீச்சர் டிஃபன் மூடியைப் பார்த்தார், அடியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தார், சர்வினைக் கூப்பிட்டு அனுப்பினார். பையன் என்னைப் பார்த்ததும் கதவோடு ஒட்டிக்கொண்டான்.

"சாருக்கு எதுக்கு சாமி சோறு வெச்சே?"

"முழுங்கறதுக்குங் டீச்சர்."

"அதான் எதுக்கு?"

"மீன் முள்ளு சிக்குனா எங்கம்மா சோத்த உருட்டிக் குடுப்பாங்க. மெல்லாம முழுங்கோணும். இல்லீன்னா வாழப்பழம். சார் விசில முழுங்கிட்டாருல்லங் டீச்சர், அதனாலதான பேச முடியல. எல்லாரும் கொண்டாறோம்."

நான் விசிலைக் கழுத்தில் மாட்டாமல் வருகிறேன். பேசவும் இல்லை. மூன்றாம் வகுப்பு கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்து, வைத்தியத்தையும் தொடங்கிவிட்டது. வசந்தாமணி டீச்சர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

நான் அந்த உருண்டையை எடுத்துச் சர்வின் கண் முன்னால் மெல்லாமல் முழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உருண்டை பெரிது.

இப்படி ஒரு கூட்டம் எனக்காகத் தன் சோற்றில் பங்கு பிரித்து வைத்திருக்கிறது. என் வயதில் யாருக்கு இது கிடைக்கும் என்று தெரியவில்லை. மனசு நிறைந்துவிட்டது. அம்சவேணி டீச்சரை நினைத்ததற்கு, மாலையில் அவருக்கு ஒரு ரஸ்தாளி கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். கையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 25, வியாழன்

டிரில் ஒத்திகை. பள்ளி மொத்தமும் மைதானத்தில். நான் வலது கையைத் தூக்கினால் வலது பக்கம் திரும்ப வேண்டும். தூக்கினேன். பாதிப் பேர் வலது பக்கம், பாதிப் பேர் இடது பக்கம் திரும்பி, ஒருவர் மூக்கில் ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

பிறகுதான் உறைத்தது. நான் அவர்களைப் பார்த்து நிற்கிறேன். என் வலது கை அவர்களுக்கு இடது பக்கம் தெரிகிறது. பெரிய பிள்ளைகள் யோசித்துத் திரும்புகிறார்கள், சின்னப் பிள்ளைகள் கை இருக்கிற பக்கம் திரும்புகிறார்கள். குரலில் 'ரைட் டர்ன்' என்று கத்தின காலத்தில் இந்தத் தொல்லை இல்லை.

பிள்ளைகளை மாற்றுவதை விட ஒருத்தன் மாறுவது சுலபம். இனி நான்தான் கண்ணாடி. அவர்களுக்கு வலது என்றால் என் இடது கை. அவர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் ஓடிப்போய் முன்னால் நிற்க வேண்டும். எண்ணிக்கை சொல்வதும் அவர்கள் பொறுப்பு. ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று தங்களுக்குள்ளேயே சொல்லிக்கொள்ள வேண்டும். மொத்தப் பள்ளியும் அடக்கிச் சொன்னால் எப்படி இருக்கும் தெரியுமா, மழை தூரத்தில் வருகிற மாதிரி. பட்டறைக்காரர்கள் சுவர் மேல் எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டில் பல் தேய்க்கும்போதுகூட இடது கையைத் தூக்கிப் பழகுகிறேன்.

ஜூலை 30, செவ்வாய்

சில நாளாக மேசையில் பழம் இல்லை. பிள்ளைகள்தானே, சலித்திருக்கும் என்று நினைத்தேன்.

இன்று இடைவேளையில் சண்டை. சர்வின் கொண்டு வந்த பழத்தை ஒரு பிள்ளை பிடுங்கிக் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டது. முதல் தடவை இல்லையாம். எனக்கு வந்த பழமெல்லாம் அப்படித்தான் போயிருக்கிறது.

வசந்தாமணி டீச்சர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்தார். "யாருன்னு சொன்னா நீங்க கோவப்படக் கூடாது சார். மிருதுளாதானுங்க."

குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நான் கேட்டேன், ஏஞ் சாமி, அப்பாவுக்கு விசில் வெளிய வர வேண்டாமான்னு. அதுக்கு அவ சொல்றா, 'விசிலெல்லாம் இல்லீங்க டீச்சர், தொண்டையிலதான் காய்ச்சிருக்குது, எனக்குத் தெரியும். பழம் தின்னா சரியாயிருமில்ல, அதான் எறிஞ்சேன்'னு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

வீட்டுக்கு வந்து துணி மடித்தேன். மிருதுளாவின் யூனிஃபார்மில் ஒரு பட்டனைக் காணோம். சண்டையில் போயிருக்கும். தைத்து வைத்தேன். நூல் சரியான நிறம் இல்லை, நீலத்துக்குப் பக்கத்தில் வருகிற ஏதோ ஒரு நிறம்.

ஜூலை 31, புதன்

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்டு 3, சனி

ஆடிப் பதினெட்டு. மோகனூருக்குப் போனோம். காவிரியில் தண்ணீர் இருகரையும் தொட்டுப் போகிறது. கோகிலா படித்துறையில் விளக்கு வைத்துக் கும்பிட்டாள். கூட்டத்தில் பிள்ளையை விட்டுவிடக் கூடாதே என்று நானும் மிருதுளாவும் ஓரமாக உட்கார்ந்து தேங்காய்ச் சாதம் சாப்பிட்டோம்.

"அப்பா, எப்ப சரியாகும்?" என்று கேட்டாள்.

'தெரியல' என்று எழுதினேன். உண்மையும் அதுதான்.

சிலேட்டை வாங்கிப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். ஆற்றில் மிதந்து போகிற பூவைப் பற்றி, சர்வின் அப்பா லாரியில் நாக்பூர் போயிருப்பதைப் பற்றி, அம்சவேணி டீச்சர் தும்முவது எப்படி என்பதைப் பற்றி. தும்மியும் காட்டினாள். இவள் இவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. நான் குறுக்கே எதுவும் பேச முடியாதவன் என்பதால் எல்லாவற்றையும் கேட்டேன். திரும்பும்போது என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரைப் பார்த்துப் பயந்திருப்பாள்.

இந்த நாளுக்கு யாருக்கு நன்றி சொல்வது என்று யோசித்தேன். காவிரிக்கே சொல்லிவிட்டேன், மனசுக்குள்.

ஆகஸ்டு 9, வெள்ளி

கராத்தே தினகர் பள்ளிக்கு வந்தான். கரஸ்பாண்டென்ட் ஐயா மைதானத்தைச் சுற்றிக் காட்டினார். பதினைந்தாம் தேதி மைக்கோடு தயாராக நிற்கச் சொல்லியிருக்கிறாராம், நான் தடுமாறினால் அவன் எடுத்துக்கொள்வதற்கு. முறைத்துக்கொண்டுதான் நின்றேன். ஐயா அந்தப் பக்கம் போனதும் அவன் என்னிடம் வந்து, "சார், எனக்குப் பெரிய பசங்களத்தான் பழக்கம். இந்தச் சின்னதுகளப் பாத்தாலே உள்ளுக்குள்ள உதறுதுங்க. நீங்க எப்புடி?" என்றான். நல்ல பையன். விரோதியாக வைத்துக்கொள்ள வசதியில்லாத முகம்.

ஆகஸ்டு 15, வியாழன்

முதல் நாள் ராத்திரி பெய்த மழையில் சுண்ணாம்புக் கோடெல்லாம் அழிந்துவிட்டது. விடிந்ததும் போய் மறுபடி போட்டேன். கொடியேற்றம், மிட்டாய், சீப் கெஸ்ட் பேச்சு. பேச்சு நீண்டது. ஒன்றாம் வகுப்பில் இரண்டு பேர் பாத்ரூம் போய் வந்தார்கள்.

மேடைக்கு முன்னால் விருந்தினர்களுக்கு மட்டும்தான் நாற்காலி. பெற்றோர்கள் எப்போதும் போல கேட்டுக்கு வெளியே, கம்பியைப் பிடித்துக்கொண்டு. பட்டறை வேலைக்காரர்கள், டிரைவர் வீட்டுப் பெண்கள், கைக்குழந்தைகள். கோகிலாவும் அங்கேதான். வருஷா வருஷம் அவர்கள் தங்கள் பிள்ளையின் முதுகைத்தான் பார்ப்பார்கள். பிள்ளைகள் மேடையைப் பார்த்து நிற்க வேண்டுமே.

நான் கைக்குட்டையைத் தூக்கினேன். மொத்தப் பள்ளியும் சிலை. ஐயா திரும்பித் தினகரைப் பார்த்தார், தினகர் மைக்கைக் கீழே இறக்கினான். கையை அசைத்தேன். ஒன், டூ, த்ரீ, ஃபோர். அந்த அடங்கின சத்தம்.

எல்லாம் சரியாகப் போனது. வலது பக்கம் திரும்பினார்கள், நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். கை, கால், குனிவது, நிமிர்வது. அடுத்து இடது பக்கம் திரும்பினால் மறுபடி மேடை. அவர்களுக்கு இடது என்றால் என் வலது கை. தெரியும். பல் தேய்க்கும்போது பழகினவன்தான். ஆனால் பழைய கை, பழைய புத்தி. இடது கையைத் தூக்கிவிட்டேன்.

அத்தனை பேரும், ஒருவர் பாக்கியில்லாமல், டப்பென்று வலது பக்கம் திரும்பினார்கள். மேடைக்கு முதுகு. கேட்டுக்கு முகம்.

ஓடிப்போய் முன்னால் நின்றேன். இப்போது என் முதுகுக்குப் பின்னால் கேட். பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை, என்னைத் தாண்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டார்கள். சர்வினின் அம்மாவோ யாரோ, "அங்க பாரு, நம்ம பையன்" என்றார்கள். பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக மலர்ந்ததை நான் நேருக்கு நேர் பார்த்தேன். நிதர்சனா சிரித்துக்கொண்டே எண்ணினாள். மிருதுளா தன் அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

திருத்தியிருக்கலாம். கையை இரண்டு தடவை தூக்கினால் போதும். வேலை போகும் என்பதும் அந்த நேரத்தில் ஞாபகம் இருந்தது. ஆனாலும் கை எழவில்லை. மிச்ச டிரில் முழுவதையும் கேட்டைப் பார்த்தே நடத்தினேன். முடிந்ததும் கம்பிக்கு வெளியே கைதட்டினார்கள். பட்டறைக்காரர் ஒருவர் விசிலடித்தார். நான் தலை குனிந்து வணங்கினேன். அதற்கு மேல் எனக்கு வேறு பாஷை இல்லை.

ஆகஸ்டு 16, வெள்ளி

கரஸ்பாண்டென்ட் ஐயா கூப்பிட்டார். வசந்தாமணி டீச்சர் கேட்காமலே கூட வந்தார்.

"சீப் கெஸ்ட்டுக்கு முதுகக் காட்டிட்டீங்களே சார்."

நான் சிலேட்டை எடுப்பதற்குள் டீச்சர், "தப்பாத் திரும்புனாலும் ஒண்ணாத் திரும்புச்சுங்கய்யா. இத்தன வருசம் மைக்கு வெச்சுக் கத்தியும் ஒருநாளும் ஒண்ணாத் திரும்புனதில்லை" என்றார்.

ஐயா கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகினார். "அந்தத் தம்பியும் சனிக்கிழமை கராத்தே மட்டும் போதும்னுருச்சு. தெனமும் இதுகளக் கட்டி மேய்க்க ஆகாதாம்" என்றார். "சீப் கெஸ்ட்டு வேற, 'டிரைவருங்க சம்சாரமெல்லாம் அழுதத நான் பாத்தேன், அடுத்த வருசம் அவங்களையும் உள்ள உட்கார வெய்யிங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. போய் வேலையப் பாருங் சார்."

வெளியே வந்து டீச்சரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "அட, போங் சார்" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தினகருக்கும் நன்றி. உள்ளுக்குள் உதறின அந்த உதறலுக்கும் நன்றி.

ஆகஸ்டு 17, சனி

"கரைஞ்சிருச்சுங்க. மெதுவாப் பேசலாம். கத்துனா திரும்பவும் காய்க்கும், பாத்துக்கங்க" என்றார் டாக்டர்.

"நன்றிங்க" என்றேன். முதல் வார்த்தை. யாரோ பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி சின்னதாக, மழமழவென்று வந்தது. என்னுடையதுதானா என்று கோகிலாவைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மிருதுளா மாமன் வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

ஆகஸ்டு 18, ஞாயிறு

சாயங்காலம் மிருதுளா வந்தாள். நான் உள்ளே இருந்தேன். "அப்பாவுக்குச் சரியாயிருச்சு கண்ணு" என்று கோகிலா சொன்னது கேட்டது. "சரிம்மா" என்றாள்.

பிறகு வீட்டுப்பாட நோட்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிப் படிக்குப் போய்விட்டாள்.

கொசு கடிக்கும், உள்ளே வா என்று சொல்லலாம் என்று படிவரைக்கும் போனேன். அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தோள் மட்டும் கொஞ்சம் குறுகியது. கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி இரண்டு படி கீழே வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்டு 19, திங்கள்

காலைப் பிரேயரில் வசந்தாமணி டீச்சர் மைக்கில் சொல்லிவிட்டார், பி.டி. சாருக்குக் குரல் வந்துவிட்டது என்று. சந்தோஷத்தில்தான் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மூன்றாவது பீரியட், மூன்றாம் வகுப்பு. மைதானத்துக்கு வந்து வரிசையாக நின்றார்கள். நான் முன்னால் போய் நின்றேன். மூச்சை இழுத்தேன்.

எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

கேலி இல்லை. பட்டாசு வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிற பிள்ளைகள் பொத்துவது போல, பழக்கமாக, ஒருவரை ஒருவர் பார்க்காமலே. எனக்குப் பழம் கொண்டு வந்த சர்வினும்தான். மூன்றாவது வரிசையில் மிருதுளா பொத்தினதோடு கண்ணையும் மூடிக்கொண்டாள்.

பட்டறையில் தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். இழுத்த மூச்சை விட்டேன். கைக்குட்டை பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

"விளையாடலாமா?" என்றேன். ஹாலில் பக்கத்து நாற்காலிக்குச் சொல்கிற அளவில்.

என் உதடு அசைந்ததைப் பார்த்தார்கள். சத்தம் வரவில்லையே என்று சர்வின் ஒரு காதிலிருந்து கையை எடுத்தான். "என்னங் சார் சொன்னீங்க? கேக்கலீங்."

"விளையாடலாமான்னு கேட்டேன்."

வரிசை கலைந்தது. முன்வரிசை ஒரு எட்டு முன்னால் வந்தது, பின்வரிசை அதற்குள் புகுந்தது. கைகள் ஒவ்வொன்றாகக் காதிலிருந்து இறங்கின. கொஞ்ச நேரத்தில் என்னைச் சுற்றி எங்கே பார்த்தாலும் எண்ணெய் வைத்த தலை. வரிசை இருந்த இடத்தில் மிருதுளா மட்டும் கண்ணை மூடி, காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் கூப்பிடவில்லை. மற்றப் பிள்ளைகளும் எதற்கோ காத்திருந்தார்கள்.

கண்ணைத் திறந்தாள். காலியான மைதானத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். கையை இறக்கிக்கொண்டு நடந்து வந்தாள். பிள்ளைகள் வழி விட்டார்கள். என் பெல்ட்டுக்கு எதிரே வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"எனக்குக் கேக்கல. இன்னொருக்கா சொல்லுங்க."

குனிந்து, அவளுக்கும் அதே அளவில்தான் சொன்னேன்.